மிதிவண்டி: உழைப்போர் ஊர்தி

நாள்தோறும் காலை 9 மணியளவில் நம் கல்லூரி வாயிலில் சற்று நின்று நோக்குவோர்க்கு ஒரு செய்தி புலப்படும். பேராசிரியர் பலர் காரிலும் ஸ்கூட்டரிலும் வருகின்றனர். மாணவர்கள் பேருந்திலும் பைக்கிலும் வருகின்றனர். தோட்டக்காரர், காவலர், உணவுக்கூடப் பணியாளர் ஆகியோர் மிதிவண்டியில் வருகின்றனர். இவ்விறுதி வரிசையினரோடு நாமும் பதினெட்டு ஆண்டுகளாக மிதிவண்டியிலேயே வந்துகொண்டிருக்கிறோம். இல்லத்திற்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட தொலைவு 6 கிலோமீட்டர்.

புதிதாகச் சேரும் மாணவருள் யாரேனும் ஒருவர் ஆண்டுதோறும், "சார், பைக் ரிப்பேரா?" என்று பரிவோடு வினவுவது வழக்கம். ஜமாஅத் பெரியவர் ஒருவர் ஒருமுறை, "பேராசிரியர் ஆகிவிட்டீர்கள். இன்னும் சைக்கிள்தானா?" என்று உரிமையோடு கடிந்துகொண்டார். இரண்டு வினாக்களுக்கும் அடிப்படை ஒன்றே. மிதிவண்டி என்பது வேறு வண்டி வாங்க இயலாதவர்க்குரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதிவண்டி காசை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆயினும் அதன் தலையாய பயன் அதுவன்று. பணிக்குப் புறப்படும் பொழுதையும் வீடு திரும்பும் பொழுதையும் அது உழைப்பவர் கையிலேயே ஒப்படைக்கிறது. இதுவே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்து.

பெயரும் பிறப்பும்

சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிப் பிறந்தது 'சைக்கிள்'. தமிழ்நாட்டில் நாம் 'மிதிவண்டி' என்கிறோம். தூய தமிழ் விரும்பிகள் 'ஈருருளி' என்றும் எழுதுவர். இலங்கைத் தமிழர் எழுத்து வழக்கில் அது 'துவிச்சக்கர வண்டி'. இவற்றுள் ஈருருளியும் துவிச்சக்கர வண்டியும் வண்டியின் வடிவத்தைச் சொல்கின்றன. மிதிவண்டி என்னும் சொல் ஒன்றே அதனை இயக்கும் மனிதரின் செயலைச் சொல்கிறது. மிதிப்பவர் இன்றேல் வண்டி இல்லை.

இவ்வூர்தி ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்ததன்று. 1817ஆம் ஆண்டு செருமனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார் இரு சக்கரங்களைக் கொண்ட மரவண்டி ஒன்றைச் செய்தார். அதில் பெடல் இல்லை. அமர்ந்தபடியே கால்களால் தரையை உந்திச் செல்ல வேண்டும். 1860களில் பிரான்சு நாட்டில் முன்சக்கரத்தோடு பெடல் இணைந்தது. பின்னர் முன்சக்கரம் ஆளுயரத்திற்கு வளர்ந்து, ஏறுவோர் தலைகீழாய் விழும் அச்சமும் வளர்ந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார். 1888இல் பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோது சாகசக்காரர் ஏறிய வண்டி, சாமானியர் வேலைக்கு ஏறும் வண்டியாயிற்று. இன்று நாம் ஓட்டும் வண்டி அடிப்படையில் அந்த 1880களின் வண்டியே என்பது வியப்பிற்குரியது.

நம் நாட்டில் விடுதலைக்கு முன் மிதிவண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே இறக்குமதியாயின. விடுதலைக்குப் பின் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், பஞ்சாபின் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் எழுந்தன. அவற்றின் உற்பத்தி பெருகியபின் பால்காரர், தபால்காரர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர் எனப் பலரும் ஏறும் ஊர்தியாக இது பரவியது.

மிதியின் கணக்கு

மிதிவண்டி ஏன் இவ்வளவு எளிதாக ஓடுகிறது? ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். முன் பல்சக்கரத்தில் 48 பற்களும் பின் பல்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடல் ஒருமுறை முழுதாகச் சுழன்றால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.67 முறை சுழலும். நம் ஊர்ப் பெரிய வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். எனவே ஒரு சுழற்சிக்கு வண்டி 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னேறும். அதே இரு கால்களும் நடக்கையில் ஆளுக்கோர் அடி வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான் கடக்க முடியும்.

அன்றியும் நடப்பவர் ஒவ்வோர் அடிக்கும் தம் உடலைச் சற்றே தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. மிதிப்பவரின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. கால்களின் உழைப்பு முன்செல்வதற்கே பயன்படுகிறது. சமதரையில் நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் செல்லும்போது, அதே களைப்போடு மிதிப்பவர் 15 கிலோமீட்டர் செல்லக்கூடும். ஒன்றரை மணி நேர நடை அரைமணி நேரப் பயணமாகச் சுருங்குகிறது. மிஞ்சிய ஒரு மணி நேரம் யாருக்குரியது? மிதித்தவருக்கே உரியது.

யாழ்ப்பாணத்தில்

எரிபொருள் அற்றுப்போன ஊரில் இவ்வண்டியின் அருமை தெள்ளத் தெளியப் புலனாகும். இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாடு அதற்குச் சான்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், பெட்ரோல் உள்ளிட்ட பொருள்கள் அங்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரமும் நின்றது. அவ்வாண்டுகளில் ஆசிரியர் பள்ளிக்கும், அலுவலர் அலுவலகத்திற்கும், மாணவர் பல்கலைக்கழகத்திற்கும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். விறகும் காய்கறியும் நோயாளியும் அதன்மீதே சென்றனர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர் என்பது அக்காலத்தை வாழ்ந்தோர் பலரும் கூறும் செய்தி. ஓர் ஊரின் அன்றாட வாழ்வு முற்றிலும் நின்றுவிடாமல் காத்த பெருமையில் மிதிவண்டிக்கும் பங்குண்டு.

புதுக்கோட்டையில்

யாழ்ப்பாணத்தார் போரின் நெருக்கடியால் மிதிவண்டியை நாடினர். அதே ஆண்டுகளில் நம் தமிழ்நாட்டில், புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் தம் விருப்பத்தால் அதனை நாடினர். 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாதோர்க்கு எழுத்தறிவிப்பது அதன் குறிக்கோள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார்.

இவ்விணைப்பு வேடிக்கைக்காக நிகழ்ந்ததன்று. இயக்கத்தில் கற்பவருள் பெண்களே மிகுதி. கற்பிக்கும் தொண்டர்களிலும் பெண்கள் பலர். மாலையில் வகுப்பு முடிந்தபின் ஊர்விட்டு ஊர் செல்லப் பேருந்து இல்லை. ஓர் ஆணின் வண்டியில் பின்னால் அமர்ந்து செல்வது ஒன்றே வழி எனில், அந்த ஆண் வரும் பொழுதே அவள் பொழுது என்றாகிவிடும். எழுத்தறிந்த பின்னும் பிறர் துணைக்குக் காத்திருப்பவள் எங்ஙனம் விடுதலை பெற்றவள் ஆவாள்? இதனை உணர்ந்தே பயிற்சி தொடங்கிற்று. தொண்டர்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்யப்பட்டது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்மாவட்டத்தை நேரில் கண்டு எழுதியுள்ளார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் ஓட்டக் கற்றதாக அவர் குறிப்பிடுகிறார். கூலிப்பெண்கள், கல்குவாரித் தொழிலாளர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்வகைப் பணி செய்வோர் அவர்களுள் இருந்தனர். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். பெண்களுக்குரிய வண்டி கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் வண்டியையே வாங்கினர். பலர் அதனையே விரும்பினர். அக்கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பது அவர்கள் கண்ட பயன். தொடக்கத்தில் ஏளனம் செய்தோர் பலர். வழியில் கேட்ட பழிச்சொற்களுக்கு அஞ்சி அவர்கள் வண்டியைக் கைவிட்டாரில்லை.

பேருந்துக்குக் காத்திருந்து இழந்த பொழுது மீண்டதே அப்பெண்கள் அடைந்த பெரும்பேறு. விளைபொருளை அண்டை ஊர்ச் சந்தைக்குக் கொண்டு சென்று விற்றுவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன் வீடு திரும்ப அவர்களால் இயன்றது.

நம் இல்லத்தில்

பிறர் கதையை மட்டும் கூறி நம் கதையை மறைப்பது நேர்மையாகாது.

1993இல் நம் தமக்கையாருக்கு வயது பத்தொன்பது. பத்தாம் வகுப்புத் தேறித் தையலும் பயின்றிருந்தார். 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊரில் ஒரு தையற்கூடத்தில் வேலை கிடைத்தது. கூடம் மாலை 6 மணிக்கு மூடப்படும். நம் ஊர்ப் பேருந்தோ 5.15க்குப் போய்விட்டால் அடுத்தது 8 மணிக்குத்தான். அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் பெண்கள் வண்டி ஓட்டும் செய்தி எங்கும் பரவியிருந்த நேரம் அது. தமக்கையார் ஒருநாள் தந்தையாரிடம், "அத்தா, நானும் சைக்கிள் பழகிக்கிறேனே" என்று கேட்டார். தந்தையார் அரிசி மண்டியில் கணக்கெழுதியவர். முப்பது ஆண்டுகள் மிதிவண்டியிலேயே மண்டிக்குச் சென்று வந்தவர். அதன் அருமையை அவரினும் அறிந்தவர் நம் வீட்டில் எவருமிலர். ஆயினும் அவர், "ஊர் என்னம்மா சொல்லும்?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டு மணி நேரம் இருட்டில் பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் தனித்து நிற்பதைப் பற்றி ஊர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மாதங்களில் தமக்கையார் அவ்வேலையை விட்டுவிட்டார். அப்போது நமக்கு வயது பதின்மூன்று. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வண்டியில் குரங்குப் பெடல் போட்டுத் தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தோம். நம்மை எவரும் தடுக்கவில்லை. அக்காவுக்காக ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதும் நமக்குத் தோன்றவில்லை.

தந்தையார் அதனைப் பற்றிப் பின்னர் ஒன்றும் பேசியதில்லை. ஆனால் 2013இல் தமக்கையாரின் மகளுக்குப் பள்ளியில் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தபோது, தள்ளாத வயதிலும் அதற்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவரே. அப்பெண் இரண்டாண்டுகள் அதில் பள்ளி சென்றாள். மேல்நிலைத் தேர்வு முடிந்த நாளோடு அவ்வண்டி மாடிப்படியின் கீழ் நின்றுவிட்டது.

நம் மாநிலத்தில் 2005-06 முதல் மேல்நிலை மாணவ மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கப்பட்டு வருகிறது. பீகாரில் 2006இல் மாணவியர்க்கு மிதிவண்டித் திட்டம் வந்தபின், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்ததாகக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் கண்டறிந்தனர். பள்ளிவரை ஓடிய வண்டி, பணியிடம்வரை ஓடாமல் வீட்டில் முடங்குவது ஏன்? இவ்வினாவை நம் சமுதாயத்துப் பெரியோர் முன் பணிவோடு வைக்கிறோம். முக்காடும் பர்தாவும் இதற்குத் தடையல்ல. சங்கிலியை முழுதும் மூடும் உறையும், பின்சக்கரத்தில் ஆடை சிக்காமல் காக்கும் வலையும் உள்ள வண்டி போதும்.

2021 மே மாதம் முதல் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்துள்ளது. இது பெரும் உதவி. ஆயினும் கட்டணம் நீங்கியதே அன்றிக் காத்திருப்பு நீங்கவில்லை. பேருந்து வரும் பொழுதே இன்றும் நம் பொழுது. பேருந்தும் வேண்டும். அது வாராத வேளைக்கு மிதிவண்டியும் வேண்டும்.

செல்வ நாட்டிலும்

மிதிவண்டி வறியோர் வண்டி என்பார்க்கு நெதர்லாந்து நல்ல விடையாகும். செல்வ வளமிக்க அந்நாட்டில் மக்கள் மேற்கொள்ளும் பயணங்களுள் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை மிதிவண்டியில் நிகழ்கின்றன. அதிகாரியும் தொழிலாளியும் ஒரே பாதையில் மிதித்துச் செல்கின்றனர்.

இது இயல்பாய் அமைந்ததன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகி மிதிவண்டியை ஓரங்கட்டின. 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர்கள் வீதிக்கு வந்து போராடினர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதன்பின் அரசு படிப்படியாக மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் அமைத்தது. பாதை வந்தபின் மக்களும் வந்தனர்.

நம் நாட்டிலோ மிதிப்போர் ஏற்கெனவே உள்ளனர். பாதைதான் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பணி செய்வோர் ஏறத்தாழ 20 கோடிப் பேர். அவர்களுள் ஏறக்குறைய 2.6 கோடிப் பேர் மிதிவண்டியில் பணிக்குச் சென்றனர். அவ்வாண்டு ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் சென்றோரினும் இத்தொகை சற்றே மிகுதி. இத்தனை பேர் செல்லும் சாலையில் அவர்களுக்கென ஒரு முழ அகலம்கூட ஒதுக்கப்படாமையால், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியோட்டிகள் உயிரிழக்கின்றனர். மிதிவண்டியைப் புகழ்வோர் இத்துயரை மறைத்தல் கூடாது.

உடல்நலம்

பிரிட்டனில் ஏறத்தாழ 2,64,000 பேரை ஐந்தாண்டுகள் கண்காணித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. மிதிவண்டியில் பணிக்குச் சென்றோர் அக்காலத்தில் இறக்கும் வாய்ப்பு, காரிலோ பேருந்திலோ சென்றோரைவிட 41 சதவீதம் குறைவாக இருந்ததாக அது கூறுகிறது. இயல்பாகவே உடல்நலம் உடையோர் மிதிவண்டியைத் தேர்ந்திருக்கலாம். ஆதலின் இப்பயன் முழுவதும் மிதிவண்டியால் விளைந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் வேலைக்குச் செல்வதே உடற்பயிற்சியும் ஆகிவிட்டால், அதற்கெனத் தனிப்பொழுது தேட வேண்டியதில்லை என்பதில் ஐயமில்லை.

கைக்கொள்ளும் முறை

மிதிவண்டியில் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நம் பட்டறிவில் கண்ட சிலவற்றைக் கூறுவோம்.

முதலில் 5 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் தொடங்குக. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும் அளவுக்கு இருக்கையை உயர்த்துக. இருக்கை தாழ்ந்திருப்பதே பலர்க்கு முழங்கால் வலி தருவது. வாரம் ஒருமுறை காற்றும், மாதம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெயும் போதும். டயரில் காற்றுக் குறைந்தால் மிதிக்கும் வலிமை வீணாகும். வெயிலுக்கு முந்திப் புறப்பட்டு மெல்ல மிதித்தால் வியர்வை குறையும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பணியிடத்தில் வைத்துக்கொள்க. இருட்டில் முன்விளக்கும் பின்புறச் சிவப்பு ஒளிர்வில்லையும் இன்றிச் செல்லற்க. தலைக்கவசம் அணிக. பேருந்தின் இடப்புறமாக நுழைந்து முந்த முயலற்க.

நிறுவனத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். கார் நிறுத்துமிடத்திற்குக் கூரை அமைப்போர் மிதிவண்டிக்கும் கூரை அமைக்கலாம். முகம் கழுவ ஒரு குழாயும், காற்றடிக்க ஒரு பம்பும் இருப்பின் இன்னும் நன்று. இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. மிதித்து வருபவரும் மதிக்கத்தக்கவரே என்று அவை சொல்லாமற் சொல்லும்.

நிறைவாக

ஊர்தியைக் கொண்டு ஒருவர் தகுதியை அளப்பது நம்மிடையே புகுந்துவிட்ட வழக்கம். ஒருவர் தம் பொழுதுக்குத் தாமே உரியவராய் இருக்கிறாரா என்று அளப்பதே முறை. கிளம்ப நினைத்தபோது கிளம்பவும், வேலை முடிந்தவுடன் வீடு திரும்பவும் இயன்ற தொழிலாளியே அவ்வகையில் செல்வர். நம் தமக்கையாருக்கு 1993இல் வேண்டியிருந்தது அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே. அதனைக் கொடுக்க வல்ல வண்டி நம் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது.

இவ்வாண்டு நம் துறையில் பயிலும் மாணவியருள் பலருடைய இல்லங்களில், பள்ளியில் பெற்ற மிதிவண்டி இன்னும் மாடிப்படியின் கீழ் இருக்கக்கூடும். பெற்றோர்களே, அதனை வெளியே எடுத்துக் காற்றடித்துக் கொடுங்கள். நாளை அப்பெண் பணிக்குச் செல்ல அது உதவும்.